‘துப்பறியும் சாம்பு’வின் மறு ஆக்கங்கள்: அச்சு, மேடை, திரை வழியே தற்செயலின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

தேவன் (ஆர். மகாதேவன், 1913–1957) ஆனந்த விகடனில் உருவாக்கிய ‘துப்பறியும் சாம்பு’ தமிழின் துப்பறியும் நகைச்சுவைக்கு முன்மாதிரியான பாத்திரம். இதழ்க் கதையாகத் தோன்றிய அது சித்திரத் தொடராகவும் மேடை நாடகமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் மறு ஆக்கம் பெற்றது. இம்மறு ஆக்கங்களையும், துப்பறியும் நகைச்சுவையைப் புதுப்பிக்க முயன்ற பிற்காலத் திரைப்படங்கள் சிலவற்றையும் இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. சாம்பு கதைகளின் நகைச்சுவை அவனுடைய அறியாமையில் இல்லை. தற்செயலை மேதைமை என்று ஏற்கும் சமூகத்தின் ஆயத்தநிலையில் இருக்கிறது என்பதும், அண்மைக்கால மறு ஆக்கங்கள் தற்செயலின் இடத்தில் ‘தகுதி’யை வைப்பதால் அங்கதத்தின் இலக்கு மாறிவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம். மயிலாப்பூர்–மந்தைவெளிப் பகுதியின் சபா நாடகச் சூழல் இவ்வாய்வின் களமாகக் கொள்ளப்பட்டுள்ளது.

திறவுச்சொற்கள்: துப்பறியும் சாம்பு, தேவன், மறு ஆக்கம், சபா நாடகம், கிரேசி மோகன், தற்செயல், தகுதி

முன்னுரை

ஒருவர் பிறர் விவகாரத்தில் மூக்கை நுழைத்து ஆராய முற்பட்டால், ‘பெரிய துப்பறியும் சாம்பு’ என்று கேலி செய்யும் வழக்கு தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. அவ்வாறு பேசுவோரில் பலர் தேவனின் கதைகளைப் படித்திருக்க வேண்டிய தேவையில்லை. பாத்திரம் மூலப்பனுவலிலிருந்து விடுபட்டு மொழிக்குள் பொதுப்பெயராகக் குடியேறிவிட்டது. தமிழ்ப் புனைகதைப் பாத்திரங்களில் இந்தப் பேறு பெற்றவை மிகச் சில.

இந்தப் பொதுப்பெயர் மூலத்துக்கு நேர்மையாக இல்லை என்பது கவனிக்கத்தக்கது. வழக்கில் ‘சாம்பு’ என்பவன் துப்பறிய முயன்று கேலிக்குள்ளாகும் ஆள். கதைகளில் வரும் சாம்புவை ஒருவரும் கேலி செய்வதில்லை. தொடக்கத்தில் முட்டாள் எனப்பட்டவன், வழக்குகள் பெருகப் பெருக, நகரமே வியக்கும் நிபுணனாகிறான். அவன் முட்டாள் என்ற உண்மை வாசகருக்கு மட்டும் தெரியும். பேச்சுவழக்கு இந்த இடைவெளியை அழித்துவிட்டு முட்டாள்தனத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. மறு ஆக்கங்களுக்கும் பெரும்பாலும் இதுவே நேர்ந்தது என்பதால், இந்த வழக்கிலிருந்து தொடங்குவது பொருத்தமாகிறது.

‘துப்பு’ என்ற சொல்லிலேயே இந்தக் கதையின் முரண் பொதிந்திருப்பதாகத் தோன்றுகிறது. பழந்தமிழில் வலிமை, ஆற்றல் என்ற பொருள்களில் வழங்கிய சொல் பின்னர் உளவு, தடயம் என்ற பொருள்களைப் பெற்றது. ஆற்றலற்றவனைத் ‘துப்புக்கெட்டவன்’ என்று இன்றும் ஏசுகிறோம். துப்பறிகின்ற துப்புக்கெட்டவன் ஒருவனைப் படைத்தபோது தேவன் இச்சொல்விளையாட்டை எண்ணினாரா என்பது நமக்கு முக்கியமன்று. மொழி அதற்கு இடம் கொடுத்திருந்தது.

சாம்புவுக்கு முன்

தமிழில் துப்பறியும் புனைவு 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. பண்டித நடேச சாஸ்திரியின் ‘தானவன்’ (1894) அதன் தொடக்கநிலை நூல். அடுத்த தலைமுறையில் ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலக் கதைகளைத் தழுவி எழுதினார். ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும் பெரும் வாசகப் பரப்பைப் பெற்றனர். பேசும்படம் வந்ததும் இந்த நாவல்கள் திரைக்குச் சென்றன. வடுவூராரின் ‘மேனகா’ 1935இலும், ரங்கராஜுவின் ‘சந்திரகாந்தா’ 1936இலும் படமாயின. மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் வெளியிட்ட ‘திகம்பர சாமியார்’ படத்தில் எம். என். நம்பியார் பல வேடங்கள் பூண்டு தலைமைப் பாத்திரத்தில் நடித்தார்.

கோவிந்தனும் திகம்பர சாமியாரும் எல்லாம் அறிந்தவர்கள். மாறுவேடத்தில் எங்கும் நுழைவார்கள். அறத்தின் பக்கம் நின்று குற்றத்தை வெளிப்படுத்துவார்கள். வாசகருக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும். தேவன் இந்த உறவைத் தலைகீழாக்கினார். துப்பறிபவனுக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரியும்.

இந்தத் தலைகீழாக்கத்துக்கு மறுபுறத்திலிருந்தும் ஒரு மரபு உதவியது. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையிலிருந்து பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’ வரை தமிழில் முட்டாள் பாத்திரத்துக்குத் தொடர்ச்சி உண்டு. ‘சபாபதி’ 1941இல் ஏவி. மெய்யப்பச் செட்டியாரின் தயாரிப்பில் படமாகி, டி. ஆர். ராமச்சந்திரனுக்குப் பெரும் புகழைத் தந்தது. ஆனால் பரமார்த்த குருவின் சீடர்கள் தம் முட்டாள்தனத்துக்குரிய விளைவை உடனுக்குடன் பெறுகிறார்கள். சாம்பு பெறுவது மாலை மரியாதை. முட்டாள் மரபையும் துப்பறியும் மரபையும் ஓர் ஆளுக்குள் வைத்ததுதான் தேவனின் புதுமை.

தேவனின் கட்டமைப்பு

கல்கி விகடனிலிருந்து விலகி 1941இல் சொந்த இதழ் தொடங்கியபின், விகடனின் ஆசிரியப் பொறுப்பில் முதன்மை பெற்றவர் தேவன். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராஜுவின் ஓவியங்களோடு சாம்பு கதைகள் வெளிவந்தன. 1942 ஏப்ரலில் குண்டுவீச்சு அச்சத்தால் சென்னையிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினர். காகிதத்துக்கும் தட்டுப்பாடு நிலவியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம் எழுந்தது. காவல்துறை என்றாலே தடியடி நினைவுக்கு வந்த நாட்களில், விகடன் வாசகர் வாராவாரம் சந்தித்த காவல் அதிகாரி இன்ஸ்பெக்டர் கோபாலன்: பண்பாளர், நண்பர், சாம்புவின் முதல் ரசிகர். இந்த விலகலைத் தப்பித்தல் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடலாம். அவ்வாறு கடப்பது அவசரம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

சாம்பு ஒரு வங்கி எழுத்தன். நடுவயதினன். பெரிய மூக்கு, வழுக்கை. அறிவுக்கூர்மை அற்றவன் என்று பெயரெடுத்து வேலையை இழந்தவன். தற்செயலாக ஒரு வழக்கில் சிக்கிக்கொள்ள, அது தீர்கிறது. அவன் தீர்த்ததாக ஊர் சொல்கிறது. அதன்பின் ஒவ்வொரு கதையும் ஏறத்தாழ ஒரே தடத்தில் நகர்கிறது. சாம்பு பிழையான இடத்துக்குப் போவான். அல்லது தடுக்கி விழுவான். அல்லது பயத்தில் ஏதோ உளறுவான். அந்தப் பிழையே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். கோபாலன் வந்து, சாம்பு எப்படிச் சிந்தித்திருப்பான் என்பதைத் தாமே விளக்கிப் பாராட்டுவார். சாம்பு பேசாமல் இருப்பான். அந்த மௌனம் அடக்கமாகக் கொள்ளப்படும்.

இந்தக் கட்டமைப்பில் உழைப்பவர் கோபாலன் என்பதை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் கருத்து. சிதறிய நிகழ்வுகளைக் காரண காரியமாகக் கோத்து ஒரு துப்பறியும் கதையை உருவாக்குபவர் அவரே. அந்த வகையில் கோபாலன்தான் கோவிந்தனின் வாரிசு. ஆனால் தம் அறிவை இன்னொருவன் கணக்கில் எழுதிவிடுகிறார். புகழ் எவ்வாறு உற்பத்தியாகிறது என்பதைக் காட்டும் நுண்மையான காட்சி இது. விளக்கவல்ல ஒருவரின் நம்பிக்கை, விளக்க முடியாத ஒருவனின் மௌனம், அதைப் பரப்பும் நாளிதழ் ஆகிய மூன்றும் சேர்ந்தால் மேதை பிறந்துவிடுகிறான்.

உலகத் திரைப்படத்தில் சாம்புவோடு ஒப்பிடத்தக்கவர் ‘பிங்க் பேந்தர்’ படவரிசையின் இன்ஸ்பெக்டர் குளூசோ. பீட்டர் செல்லர்ஸ் நடித்த அப்பாத்திரம் 1963இல் அறிமுகமானது. அதாவது சாம்புவுக்கு இருபது ஆண்டுகள் பின்னர். அங்கும் முட்டாள் வெல்கிறான். ஆனால் 1964இல் வந்த இரண்டாம் படத்திலேயே டிரைஃபஸ் என்ற மேலதிகாரி சேர்க்கப்பட்டார். குளூசோ முட்டாள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் உலகம் நம்ப மறுப்பதால் அவருக்குச் சித்தம் கலங்குகிறது. பார்வையாளரின் பிரதிநிதி அவர். சாம்புவின் உலகில் டிரைஃபஸ் இல்லை. உண்மை அறிந்த ஒருவர்கூடக் கதைக்குள் வைக்கப்படாததால், அந்தச் சுமை முழுவதும் வாசகர் தலையில் இறங்குகிறது. ஒரு சமூகம் முழுவதும் ஒரே தவற்றை ஒன்றுகூடிச் செய்வதைத் தனியாக நின்று பார்க்கும் அனுபவமே சாம்பு கதை தரும் சிரிப்பு.

கோடு, மேடை, சின்னத்திரை

இத்தகைய சிரிப்பை வேறு ஊடகத்துக்குக் கொண்டுசெல்வது எளிதன்று. உரைநடையில் கதைசொல்லி சாம்புவின் மனத்துக்குள் சென்று அங்கு ஒன்றுமில்லை என்று காட்டிவிட்டு வெளியே வரலாம். ஓவியத்துக்கு அந்த வசதி இல்லை. முதலில் ராஜுவும், பின்னர் சித்திரத் தொடரில் கோபுலுவும் சாம்புவின் முகத்தை அந்த வெறுமையின் அடையாளமாக்கினர். மூக்கும் வழுக்கையும் ஒருவித விழிப்பும் சேர்ந்து, கதைசொல்லி சொல்ல வேண்டியதை முகமே சொல்லிவிட்டது. கோபுலுவின் கட்டங்களில் சாம்புவைச் சுற்றி நிற்பவர்களின் முகங்களும் அதே அளவு முக்கியம். வியப்பில் விரிந்த அம்முகங்களுக்கு நடுவே ஒன்றும் புரியாத ஒரு முகம் நிற்கும். கதையின் கட்டமைப்பைக் கோடு மிகச் சரியாகப் பிடித்த மறு ஆக்கம் இதுவே எனலாம்.

இங்கே ஒரு பதிப்பியல் சிக்கலையும் பதிவு செய்ய வேண்டும். தேவனின் நாவல்களும் கதைகளும் அவர் மறைவுக்குப் பின்னரே நூல்வடிவில் பரவலாகக் கிடைத்தன. மயிலாப்பூரில் 1901இல் தொடங்கப்பட்ட அல்லயன்ஸ் பதிப்பகத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு. இதழில் ஓவியத்தோடு ஒரே பக்கத்தில் வாசித்ததும், நூலில் எழுத்தை மட்டும் வாசிப்பதும் ஒரே வாசிப்பு ஆகா. சாம்புவைப் புதிதாக ஆக்க விரும்புவோர் கையில் முதலில் கிடைப்பது நூல். முகங்கள் நீங்கிய சாம்புவிலிருந்துதான் அவர்கள் தொடங்குகின்றனர்.

மேடையில் சாம்புவாக நடித்த நடராஜன் ‘சாம்பு’ நடராஜன் என்றே அறியப்பட்டார். தொலைக்காட்சியில் அப்பாத்திரத்தை ஏற்றவர் காத்தாடி ராமமூர்த்தி. சோ ராமசாமியின் நாடகத்தில் ஏற்ற பாத்திரத்தின் பெயரே அவருக்கு அடைமொழியானது. சபா மேடையிலிருந்து தூர்தர்ஷனுக்குச் சென்ற நடிகர் மரபு, சாம்புவின் இரண்டாம் வாழ்வைத் தீர்மானித்தது. அம்மரபுக்கு மயிலாப்பூர், மந்தைவெளி, தியாகராய நகர், அடையாறு ஆகியவை தாய்நிலம். பகலில் வங்கியிலோ தொழிற்சாலை அலுவலகத்திலோ பணி, மாலையில் ஒத்திகை, வார இறுதியில் சபா என்ற ஒழுங்கில் இயங்கிய பயில்முறைக் குழுக்கள் அவை. பார்வையாளரும் அதே வகுப்பினர். வேலையிழந்த வங்கி எழுத்தன் ஒருவன் நகரத்தின் பேரறிஞனாகும் கதையை வங்கி எழுத்தர்கள் நடிக்க வங்கி எழுத்தர்கள் பார்த்தனர்.

அதனால் மேடையில் சாம்புவின் பொருள் மெல்ல இடம்பெயர்ந்தது. உரைநடையில் வாசகர் சாம்புவிடமிருந்து விலகி நிற்கிறார். மேடையில் நடிகரின் உடல்மொழிக்குக் கைதட்டும் பார்வையாளர் அவன் பக்கம் சேர்ந்துகொள்கிறார். அங்கதம் பாசமாகக் கனிகிறது. சாம்புவைப் ‘பாவம், நல்ல மனிதர்’ என்று நினைவுகூரும் மூத்த ரசிகர் மனநிலைக்கு மேடையும் தொலைக்காட்சியும் வழிவகுத்தன என்றே கருதுகிறேன். இதனைக் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும் இனிய நினைவாக மாறிய ஒரு பாத்திரத்தைப் புதுப்பிக்க முனைபவர் அந்நினைவைத்தான் புதுப்பிப்பார். அதன் கூர்மையை அன்று.

தேவனின் வேறு கதைகள் திரைக்குச் சென்றிருக்கின்றன. ‘கோமதியின் காதலன்’ 1955இல் ப. நீலகண்டன் இயக்கத்தில் டி. ஆர். ராமச்சந்திரன் நடிக்க வெளிவந்தது. விகடனையும் ஜெமினி ஸ்டுடியோவையும் ஒருசேர நடத்திய எஸ். எஸ். வாசன், தம் இதழின் மிகப் புகழ்பெற்ற பாத்திரத்தை ஜெமினியில் படமாக்கவில்லை. ஒரு தடத்திலேயே திரும்பத் திரும்ப நிகழும் சிறுகதைகளை மூன்று மணி நேரப் படமாக நீட்டுவதில் உள்ள இடர் இதற்குக் காரணமாகலாம். காதலும் பாட்டும் கொண்ட நாயகனாகச் சாம்புவை எண்ணிப் பார்த்தால் இடரின் அளவு புரியும்.

மந்தைவெளி வழியாக ஒரு தலைகீழ்

சாம்புவின் கட்டமைப்பு பெயரைத் துறந்து திரைக்கு வந்த ஒரு தருணம் உண்டு. மந்தைவெளியில் வாழ்ந்த கிரேசி மோகன் (1952–2019) கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்று, சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டே நாடகம் எழுதியவர். மேற்சொன்ன சபா மரபின் அச்சு அசலான விளைச்சல். அவர் உரையாடல் எழுதிய ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தில் ஜனகராஜ் ஏற்ற இன்ஸ்பெக்டரும் ஆர். எஸ். சிவாஜி ஏற்ற காவலரும் வருகின்றனர். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு குற்றத்திலும் ஒரு முடிவுக்கு வருகிறார். காவலர் அதைக் கேட்டு உருகிப்போகிறார். முட்டாள் துப்பறிவாளன், ஐயமே அறியாத ரசிகன் என்ற இணை மீண்டும் நம் முன் நிற்கிறது. இதற்குச் சாம்பு நேரடித் தூண்டுதல் என்று இக்கட்டுரை வாதிடவில்லை. அமைப்பின் ஒற்றுமையும் அதைவிட முக்கியமான வேற்றுமையுமே இங்கு ஆராயத்தக்கவை.

தேவனிடம் ரசிகன் மேலதிகாரி. மோகனிடம் ரசிகன் கீழ்ப்பணியாளன். கோபாலனின் வியப்பில் மனப்பூர்வமான நம்பிக்கை உண்டு. காவலரின் வியப்பில் நம்பிக்கை எவ்வளவு, பணியிடத்துப் பிழைப்புத் தந்திரம் எவ்வளவு என்று பிரித்தறிய முடிவதில்லை. அலுவலக வாழ்க்கையை அறிந்த ஒருவர் எழுதிய நகைச்சுவை என்பதற்கு இதுவே சான்று.

அடுத்த வேற்றுமை இன்னும் ஆழமானது. சாம்புவின் பிழை உண்மையான குற்றவாளியில் முடிகிறது. இந்த இன்ஸ்பெக்டரின் பிழை, கொலைகளோடு தொடர்பற்ற ராஜா என்ற இளைஞனில் முடிகிறது. அவன் வாகனப் பழுது நீக்குபவன். எளிய குடியில் வளர்ந்தவன். கொலை செய்பவனின் முகச்சாயல் கொண்டிருப்பது மட்டுமே அவன் செய்த குற்றம். தற்செயல் ஒரு வங்கி எழுத்தனை மேதையாக்கியது. அதே தற்செயல் ஒரு தொழிலாளியைக் கொலைகாரனாக்கப் பார்க்கிறது. இரு பனுவல்களையும் அருகருகே வைக்கும்போதுதான், சாம்பு கதைகளில் நாம் கேட்க மறந்த வினா தெளிவடைகிறது: குற்றம் நடந்த இடத்தில் விளக்கமின்றி நிற்கும் ஒருவன், எப்போது நிபுணனாகப் பார்க்கப்படுகிறான், எப்போது சந்தேக ஆளாகப் பார்க்கப்படுகிறான்?

சாம்பு கதைகள் வெளிவந்த ஆண்டுகளில் 1911ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் நடைமுறையில் இருந்தது. 1947இல்தான் அது இங்கு நீக்கப்பட்டது. கைரேகைப் பதிவுக்கும் இரவுநேரக் கட்டுப்பாட்டுக்கும் உள்ளான மக்கள் அதனை ‘ரேகைச் சட்டம்’ என்று அழைத்தனர். பிறப்பே துப்பாகக் கொள்ளப்பட்ட காலம் அது. அதே காலத்தில், அதே காவல்துறையின் புனைவுப் பிரதிநிதியான கோபாலன், சாம்பு நள்ளிரவில் அந்நியர் வீட்டுக்குள் தடுமாறி விழுந்தாலும் அதில் திட்டம் ஒன்றைக் காண்கிறார். இருவரும் படித்த நடுத்தர வகுப்பின் ஒரே மொழியைப் பேசுகின்றனர். சாம்புவின் அதிர்ஷ்டத்துக்கு ஒரு சமூக முகவரி உண்டு. தேவன் அதனைச் சாடும் நோக்கில் எழுதினார் என்று சொல்ல இயலாது. ஆனால் புகழ் எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்பதை அவர் காட்டிய துல்லியம், யாருக்குக் கிடைக்கிறது என்று நாம் கேட்பதற்கு வழி திறந்து வைத்திருக்கிறது. முன்பு ‘தப்பித்தல்’ என்ற மதிப்பீட்டை அவசரமானது என்று குறிப்பிட்டது இதனால்தான்.

தற்செயலின் இடத்தில் தகுதி

துப்பறியும் நகைச்சுவைகளைப் புதுப்பிக்கும் முயற்சிகள் உலகெங்கும் நடந்துள்ளன. பெரும்பாலும் அவை ஒரே திசையில் நகர்கின்றன. 2006இல் ஸ்டீவ் மார்ட்டின் நடிப்பில் மீண்டும் எடுக்கப்பட்ட ‘பிங்க் பேந்தர்’ படத்தில் குளூசோ முக்கால்வாசிப் படம் வரை உளறுகிறார். இறுதியில் நாளிதழ்ப் படமொன்றிலிருந்து உண்மையை முறையாகவே ஊகித்து அறிகிறார். பழைய குளூசோவுக்கு அந்தத் திறன் கொடுக்கப்படவில்லை. கேலிக்குள்ளானவன் உள்ளூரத் திறமைசாலி என்று நிறுவப்பட்டவுடன் பார்வையாளர் நிம்மதியாக வீடு திரும்பலாம். வென்றவன் வெல்லத் தகுதியுடையவனே.

இந்தியத் தொலைக்காட்சியில் 1985இல் பங்கஜ் கபூர் நடித்த ‘கரம்சந்த்’ தொடங்கும்போதே திறமைசாலி. கேரட்டைக் கடித்தபடி சிந்திக்கும் அவனுடைய விசித்திரமும், உதவியாளர் கிட்டியின் வெகுளித்தனமும் நகைச்சுவையைத் தந்தன. 2006–2007இல் அத்தொடர் புதிய கிட்டியோடு மீண்டும் வந்தது. துப்பறிவாளன் அறிவாளி, உதவிக்கு வரும் பெண் வெகுளி என்ற பாகுபாடு இருபது ஆண்டுகள் கழித்தும் தொடரத்தக்கதாகவே கருதப்பட்டது என்பதைத் தவிர, நம் பொருளுக்கு அதில் அதிகம் இல்லை.

தமிழ்ச் சூழலுக்கு நெருக்கமான சான்று ‘ஏஜென்ட் கண்ணாயிரம்’ (2022). தெலுங்கில் ஸ்வரூப் ஆர்எஸ்ஜே இயக்கி நவீன் பொலிஷெட்டி நடித்த ‘ஏஜென்ட் சாய் ஸ்ரீநிவாச ஆத்ரேயா’ (2019) படத்தை மனோஜ் பீதா இயக்கத்தில் சந்தானம் நடிக்கத் தமிழில் ஆக்கினர். ஆத்ரேயா நெல்லூரில் சிறு அலுவலகம் வைத்திருக்கும் தனியார் துப்பறிவாளன். ஆங்கிலப் படங்களின் துப்பறிவாளர்களைப் போலப் பாவனை செய்பவன். முதற்பாதியில் அந்தப் பாவனைக்கும் சிற்றூர் வாழ்வுக்கும் உள்ள இடைவெளி சிரிப்பைத் தருகிறது. ரயில் பாதையோரச் சடலங்கள் பற்றிய வழக்கில் நுழைந்ததும் அவன் உண்மையாகவே நுண்ணறிவுடன் துப்பறிகிறான். தாயின் மரணம் அவன் தேடலுக்கு உணர்ச்சி அடித்தளமாகிறது. தமிழ் வடிவம் அந்தத் துயரத்துக்கு இன்னும் கூடுதல் இடம் தந்தது. விளைவாகச் சந்தானத்திடம் பார்வையாளர் எதிர்பார்த்த கேலியும் குறைந்தது. துப்பறிதலின் விறுவிறுப்பும் தளர்ந்தது. தெலுங்கு மூலம் சமநிலை காத்த இடத்தில் தமிழ் ஆக்கம் தடுமாறியது என்பதே என் மதிப்பீடு.

ஆயினும் இரண்டுக்கும் பொதுவான அடிப்படை ஒன்று உண்டு. கோமாளி போலத் தோன்றுபவன் தகுதியால் வெல்கிறான். இடைநின்ற காலத்தில், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா இணை முதலான இதழ்த் துப்பறிவாளர்களிடமும் நகைச்சுவை என்பது திறமைக்குப் பூசிய மெருகாகவே இருந்தது. சாம்பு ஒருவனே மெருகுக்குக் கீழே ஒன்றும் இல்லாதவன். நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் தரவரிசையும் மனித மதிப்பின் அளவுகோலாகிவிட்ட சூழலில், எதற்கும் தகுதியற்ற ஒருவன் எல்லாம் பெறும் கதை வெறும் வேடிக்கையாக இராது, சங்கடப்படுத்தும். அச்சங்கடத்தைத் தணிக்கவே மறு ஆக்கங்கள் கடைசிச் சுருளில் தகுதியைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. விதிவிலக்குகளும் உண்டு. 2025இல் லியாம் நீசன் நடிக்க மீண்டு வந்த ‘நேக்கட் கன்’ தன் நாயகனை மூடனாகவே வைத்திருந்தது.

இன்றைய சென்னையில் சாம்பு

சாம்புவை இன்றைய மந்தைவெளியில் நிறுத்தினால் என்னென்ன மாற வேண்டியிருக்கும்? முதலில் மொழி. கதைகளின் உரையாடல் பெரிதும் பிராமண நடுத்தர வகுப்பின் பேச்சு. அதை அப்படியே வைத்து அந்த வழக்கையே நகைப்புக்குரியதாக்குவது ஒரு வழி. அதை முற்றாக நீக்கிப் பொதுத்தமிழ் பேச வைப்பது மற்றொரு வழி. முதலாவது, சபா மேடை ஏற்கனவே செய்து முடித்தது. இரண்டாவது, சாம்புவின் அதிர்ஷ்டத்துக்கு இருந்த சமூக முகவரியை அழித்துவிடும். கோபாலன் ஏன் இவனை நம்புகிறார் என்பதற்கு அந்தப் பேச்சே பாதி விடை. மொழியை வைத்துக்கொண்டு, அதே இடத்தில் அதே பிழையைச் செய்து கைதாகும் வேறொருவனையும் காட்டும் சாம்பு, தேவனுக்கு மாறானதாகத் தோன்றினாலும் அவர் கட்டமைப்பின் தர்க்கத்துக்கு நெருங்கியதாக இருக்கும்.

அடுத்தது வேம்பு. சாம்புவின் மனைவி கதைகளில் பெருமிதமும் கண்டிப்பும் கலந்த இல்லத்தரசி. ஒரே வீட்டில் வாழும் ஒருவருக்குக் கணவனின் அறிவெல்லை தெரியாமல் போகுமா என்ற ஐயம் இன்றைய வாசகருக்கு எழுவது இயல்பு. அவளைக் குளூசோவின் டிரைஃபஸாக, உண்மை அறிந்தவளாக மாற்றும் ஆசை எந்தத் திரைக்கதை ஆசிரியருக்கும் வரும். மாற்றினால் வாசகர் தனியாகச் சுமந்த இரகசியம் பகிரப்பட்டுவிடும். கதையின் தன்மையே வேறாகும். வேம்பு அறிந்தும் சொல்லாதவளாக இருந்தால் என்ன ஆகும் என்பது இதுவரை முயலப்படாத வழி. வருமானம் அந்தப் புகழிலிருந்துதான் வருகிறது என்பதை அறிந்த குடும்பத்தின் மௌனம் அது.

மிகக் கடினமான சிக்கல் தொழில்நுட்பம் சார்ந்தது. 2010களின் இறுதியாண்டுகளில் சென்னைக் காவல்துறை ‘மூன்றாம் கண்’ என்ற பெயரில் நகரெங்கும் கண்காணிப்புக் கேமராக்களை நிறுவ ஊக்குவித்தது. தெருமுனைகளிலும் கடை வாயில்களிலும் அடுக்ககங்களிலும் அவை பெருகின. 1940களின் சென்னையில் சாம்பு தடுக்கி விழுந்ததைக் கண்ட ஒரே சாட்சி வாசகர். இன்று அந்த இடத்தில் கேமரா இருக்கிறது. சாம்பு சுவரேறியது வீரத்தாலன்று, நாய் துரத்தியதால் என்பதை ஆய்வாளர் கணினித் திரையில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க முடியும். வாசகரின் தனியுரிமையாக இருந்த அறிவு காவல்நிலையத்தின் கோப்பாகிவிட்டது.

இச்சிக்கலைத் தவிர்க்கக் கதையை 1942ஆம் ஆண்டுச் சென்னையிலேயே நிறுத்தலாம். திபாகர் பானர்ஜி 2015இல் வியோம்கேஷ் பக்ஷியைப் போர்க்காலக் கல்கத்தாவிலேயே வைத்து எடுத்தது போல, காலி செய்யப்பட்ட வீடுகளும் மங்கிய விளக்குகளும் கொண்ட நகரில் சாம்புவை நடமாடவிடலாம். ஆளில்லாத் தெருக்களில் தவறான வீட்டுக்குள் நுழைவதற்கு அதைவிடப் பொருத்தமான காலமில்லை. நிகழ்காலத்திலேயே வைப்பதானால், பதிவு கையில் இருந்தும் கோபாலன் அதில் திட்டத்தையே காண்கிறார் என்று எழுத வேண்டியிருக்கும். சாம்பு தடுக்கி விழும் காட்சி கைப்பேசிகளில் பரவுகிறது. பார்ப்பவர்கள் அவன் குனிந்த கோணத்தையும் விழுந்த வேகத்தையும் அலசி, அதில் நுட்பம் காண்கிறார்கள். தொலைக்காட்சி விவாதத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் அதை விளக்குகிறார். சாம்பு அப்போதும் பேசாமல்தான் இருக்கிறான்.